காலியாகப் போக வேண்டிய கார்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ர, ற எனக்கு எப்போதும் தகராறு. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்கப்புறம் நான் பென்சில் பிடித்ததெல்லாம் மரப்பெட்டியின் மேல் 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போடத்தான். அச்சுக் கோக்கிற தம்பி பிழையைத் திருத்திப் போட்டால் நல்லது. திருத்தும்போது விஷயத்தையும் சேர்த்துத் திருத்திவிட வேண்டாம். அது எனக்கே பாதி புரியாமல்தான் இருக்கிறது.

எங்கள் சுமைதூக்குவோர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. அதற்கு எழுதச் சொல்லிச் செயலாளர் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டதால் வேலையை விட்டு உட்கார்ந்திருக்கிறேன். நான்கு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. எழுதுவது அதைவிடக் கஷ்டம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"அண்ணே, இப்பல்லாம் இரும்புப் பொட்டி வந்துட்சி. சாமானை உள்ள போட்டு, பூட்டி, கிரேன்ல தூக்கிக் கப்பல்ல வச்சிடறான். அந்தக் காலத்துல நீங்க தீவுக்குக் கார் அனுப்புன கதைய எழுதுங்க. புள்ளைங்க கேக்கறாங்க."

"அதுல எனக்கு ஒண்ணும் புரியலியே தம்பி."

"புரியாதத எழுதுங்க. புரிஞ்சவங்க எழுதறது இன்னொரு பக்கத்துல வருது."

அதனால் எழுதுகிறேன்.

நான் ஜவ்வாது மலைக்காரன். ஆலங்காயத்துக்கு இறங்கி வந்து ஒரு லாரி ஆபீசில் புளி மூட்டை ஏற்றுகிற வேலையில் சேர்ந்தேன். சில வருடம் மூட்டை தூக்கினேன். பிறகு நசீர் பாய் என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டார். அவர் வாணியம்பாடிக்காரர். வீட்டுச் சாமானுக்கு மரப்பெட்டி கட்டி வெளியூருக்கும் கடல் தாண்டியும் அனுப்புகிற பொறுப்பு அவருடையது. ஏன் என்னை எடுத்தார் என்று ஒருநாள் கேட்டேன். "நீ பேச மாட்ட. அளக்கும்போது பேசறவன் பக்கத்துல இருந்தா நம்பர் மறந்து பூடும்" என்றார்.

என் வேலை அளவு டேப்பின் முனையைப் பிடிப்பது. பூஜ்யம் இருக்கிற முனை என் கையில் இருக்கும். எண் தெரிகிற முனை பாய் கையில் இருக்கும். இத்தனை வருடம் அந்த டேப்பைப் பிடித்தும் கணக்கு எனக்குப் புரியாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று என் மனைவி செல்லி சொல்வாள்.

பாய் அளக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் போனதும் எதையும் தொடமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வருவார். பிறகு பீரோ, டிரம், அலமாரி எல்லாவற்றையும் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுப்பார். டீ கொடுத்தால் மூடி வைக்கச் சொல்லுவார். அளந்து முடித்த பிறகுதான் ஆறிப்போன டீயைக் குடிப்பார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரர்கள் பார்க்காத பக்கம் திரும்பிச் சாமானின் முதுகில் சாக்பீஸால் ஒரு எண் எழுதுவார். அந்த எண்ணை வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

கப்பலுக்கு எடையும் பார்ப்பார்கள், அளவும் பார்ப்பார்கள். இரண்டில் எதைப் போட்டால் கூலி கூட வருகிறதோ அதைப் போடுவார்கள். முதன்முதலில் எனக்கு அது ஒரு தொட்டில் விஷயத்தில்தான் தெரிந்தது. ஆலங்காயத்தில் ஒரு மர வியாபாரி, அந்தமான் தீவில் இருக்கிற மகளுக்குப் பணப்பெட்டி ஒன்றும் தேக்குத் தொட்டில் ஒன்றும் அனுப்பினார். பணப்பெட்டியை நாங்கள் நான்கு பேர் தூக்கினோம். தொட்டிலை நான் ஒருவனே தூக்கினேன். ஆனால் தொட்டிலுக்குத்தான் கூலி அதிகம் வந்தது.

மர வியாபாரி சண்டைக்கு வந்துவிட்டார். "இன்னா பாய் இது? ஒத்தக் கையால தூக்கறான். அதுக்குப் போய் ஜாஸ்தி கேக்கறியே?"

"நைனா, உம் பேரப்புள்ள தொட்டில்ல எங்க படுக்கும்?"

"உள்ளதான் படுக்கும்."

"அந்த உள்ளுக்குத்தான் கூலி."

வியாபாரி மடியை அவிழ்த்துக் காசை எண்ணினார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். எனக்குப் புரியவில்லை. எங்கள் மலையில் சாமையை வள்ளம் என்கிற படியில் அளப்போம். குலுக்கி, கும்பலாகக் கட்டி அளப்போம். உள்ளே இருக்கிற தானியத்துக்குத்தான் விலை. வள்ளத்துக்குள் இருக்கிற காற்றுக்கு யாரும் காசு கேட்டதில்லை. "பொட்டின்னா உள்ள காத்து இருக்கக் கூடாது" என்று பாய் தினமும் சொல்லுவார். அண்டாவுக்குள் குடம், குடத்துக்குள் சொம்பு, சொம்புக்குள் பருப்பு என்று அடைப்பேன். அது மட்டும் எனக்கு நன்றாக வந்தது.

இனி கார் விஷயம். எழுபதுகளின் கடைசியில் நடந்தது.

எங்கள் மலையில் ஜமுனாமரத்தூரில் ஒரு டாக்டரம்மா இருந்தார்கள். பழைய பியட் கார் ஒன்று வைத்திருந்தார்கள். அவர்களே ஓட்டுவார்கள். பாதை எதுவரை இருக்கிறதோ அதுவரை காரில் வருவார்கள், பிறகு பையைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். என் பெரிய மகள் அந்தக் காரின் பின்சீட்டில்தான் பிறந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரைக்கும் அவள் பொறுக்கவில்லை.

அம்மாவின் வீட்டுக்காரர் காட்டு இலாகாவில் அதிகாரி. அந்தமானுக்கு மாற்றலாகி முன்னாலேயே போய்விட்டார். வீட்டுச் சாமான் அனுப்பப் பணம் அனுப்பியிருந்தார். காரை விற்றுவிடும்படி சொல்லியிருந்தார். பாயும் நானும் மலைக்குப் போனோம்.

பாய் வழக்கம்போலச் சுற்றி வந்தார். கட்டில், பீரோ, மேஜை, பாத்திரம் எல்லாவற்றையும் அளந்தோம். "காரையும் அளந்துடுங்க பாய்" என்றார்கள் அம்மா. பம்பரிலிருந்து பம்பர் வரை நீளம், கதவோடு கதவு அகலம், தரையிலிருந்து மேலே இருக்கிற கேரியர் கம்பி வரை உயரம் என்று அதையும் அளந்தோம். பாய் டீயைக் குடித்தார். பிறகு சொன்னார்:

"அம்மா, வூட்டு சாமான் மட்டும்னா ஐயா அனுப்புன பணம் சரியா பூடும். கார் மட்டும்னாலும் அதே பணம் பூடும். ரெண்டும்னா, காரை வித்து அந்தக் காசுலதான் காரை அனுப்பணும்."

"ஏன் பாய் காருக்கு அவ்வளவு?"

"காரைப் பொட்டி மாதிரிதாம்மா அளப்பாங்க. நீளம், அகலம், ஒசரம்."

"முன்னாடி பானெட் தாழ்வாத்தானே இருக்கு? அதுக்கு மேல வெறும் காத்து."

"அந்தக் காத்துல இன்னொருத்தன் மூட்ட வைக்க முடியுமா? முடியாது. அப்ப அதுவும் உங்க எடந்தான்."

அம்மா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். பிறகு, "சாமான் வேணாம் பாய். கார் போகட்டும்" என்றார்கள்.

"ஐயா கோச்சிக்க மாட்டாரா?"

"கோச்சிப்பார். ஆனா கட்டில் கேட்டா வாங்கித் தருவார். கார் வாங்கித் தர மாட்டார். கார் இல்லாம போனா அங்க நான் ஆபீசர் வீட்டம்மா, அவ்வளவுதான். கார் இருந்தா என்னைக் கூப்பிட ஆள் வரும். எவ்வளவு தூரம்னாலும் நான் போயிடுவேன்."

பாய் தலையாட்டினார். ஸ்பானரைக் கேட்டு வாங்கினார். மேலே இருந்த கேரியரைக் கழற்றினார். முன்னும் பின்னும் பம்பரைக் கழற்றினார். பக்கக் கண்ணாடியையும் கழற்றினார். "ஒரு விரக்கடை ஒசரம் கொறஞ்சாலும் முழுக் காருக்கும் கொறயும்மா" என்றார். பம்பர்களைச் சாக்கில் சுற்றிக் கட்டினோம். அம்மா அதே கப்பலில் போவதால் அவை கையோடு போகும், கூலி கிடையாது என்றார் பாய். பம்பர் காரோடு போனால் காசு, கையோடு போனால் காசு இல்லை. இதையும் நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேரியரை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். இப்போது அதில்தான் எங்கள் கோழி அடைகிறது.

போகும்போது பாய் என்னிடம் சொன்னார்: "வெள்ளையா, நான் ஆலங்காயத்துல ஏறிக்கறேன். நீ அம்மாவோட கார்ல எறங்கி வா. காருக்குள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது. சுத்தமா காலி. தெரிதா?"

தெரிகிறது என்று சொன்னேன். தெரியவில்லை. பெட்டி என்றால் காற்றே இருக்கக் கூடாது. கார் என்றால் காற்றைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே அளவுக் கூலிதான். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

டாக்டரம்மா வீட்டுச் சாமானை எல்லாம் மலை வீடுகளுக்கே கொடுத்துவிட்டார்கள். பிரசவம் பார்த்த வீடுகளாகப் பார்த்துக் கொடுத்தார்கள். ஒரு வீட்டுக்குக் கட்டில், ஒரு வீட்டுக்கு அண்டா, எங்களுக்கு ஒரு பித்தளைக் குடம். பக்கத்து வீட்டு மாரியம்மாவுக்கு மூடியோடு இட்லிப் பாத்திரம் வந்தது. அவள் இட்லி சுட்டதே கிடையாது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டு ஏனம், அதாவது பாத்திரம், நம் வீட்டுக்கு வந்தால், அதை வெறுமையாகத் திருப்பக் கூடாது. ஒரு பிடி சாமையோ புளியோ போட்டுத்தான் கொடுக்க வேண்டும். சாவு விழுந்த வீட்டுக்கு மட்டும்தான் வெறும் ஏனம் போகும்.

புறப்படுகிற அன்று விடியற்காலையில் பெண்கள் முறத்தோடும் மடியோடும் காரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா உள்ளே எல்லாரிடமும் விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். நான் காருக்குக் காவல்.

"இன்னா செல்லி இது?" என்று என் மனைவியைக் கேட்டேன்.

"ஏனம் வந்துச்சில்ல? திருப்பிக் குடுக்க அவங்க வூடு இங்க இருக்கப் போவுதா? அவங்க வூட்டு ஏனம்னு மிச்சம் இருக்கறது இந்தக் காருதான்."

"பாய் காலியா வரணும்னாரு."

"அவுரு சாமான சொல்லிருப்பாரு. ஒரு புடி சாமை சாமானா? கடல் தாண்டிக் குடித்தனம் போற பொம்பளைய வெறுமையா அனுப்ப, அவங்க வூட்ல இன்னா எழவா வுழுந்துச்சி?"

மாரியம்மா, "ஏண்ணா, நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு. பாய் கேட்டா நான் ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிக்கலாம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் என்ன சொல்ல முடியும்? அவர்கள் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. ஒரு பிடி என்றுதான் போட்டார்கள். ஆனால் எத்தனை வீடு! டிக்கியில் போட்டார்கள். ஸ்டெப்னி சக்கரத்தின் குழியில் போட்டார்கள். செல்லி பின்சீட்டைத் தூக்கி, எங்கள் மகள் பிறந்த இடத்துக்கு அடியில் போட்டாள். கடைசியாக வந்த மாரியம்மாவுக்கு இடமில்லை. கண்ணாடி இறங்குகிற கதவுச் சந்தில் முறத்தைச் சாய்த்து அப்படியே ஊற்றிவிட்டாள். உமியோடு இருக்கிற சாமை கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. சத்தமே இல்லாமல் உள்ளே போய்விட்டது.

ஆலங்காயத்தில் பாய் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். நான் பின்சீட்டில் சாமையின் மேல் உட்கார்ந்து மெட்ராஸ் வரை போனேன். டாக்டரம்மாவுக்குப் பெண்கள் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். அம்மா பாயிடம் சொல்லியிருப்பார்கள் என்றும் நினைத்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

துறைமுகத்தில் பெட்ரோலை வடித்தார்கள். பேட்டரி கம்பியைக் கழற்றினார்கள். இன்னொரு தரம் அளந்தார்கள். பாய் போட்ட அளவும் அவர்கள் போட்ட அளவும் ஒன்றாகவே வந்தது. பாய் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு சோதனை பார்க்கிற அதிகாரி வந்து டிக்கியைத் திறந்தார்.

"இது இன்னா?"

"சாமைங்க" என்றேன்.

"பேப்பர்ல கார்னு போட்டுகீது. இது இன்னா, மண்டிக் கடையா? வெதை தானியம் இப்டி எல்லாம் தீவுக்குப் போவக் கூடாது. பூச்சி போவும். ஒரு மணி இல்லாம காலி பண்ணிக் காட்டுங்க. கிரேன் இந்தப் பக்கம் வர்றதுக்குள்ள முடிச்சா போவும். இல்லன்னா திருப்பி ஓட்டினு போய்டுங்க."

பெட்ரோல் இல்லாத காரை எப்படி ஓட்டிப் போவது? அம்மாவின் கப்பல் அன்றைக்கே கிளம்புகிறது. அம்மா போவார்கள், கார் கரையில் நிற்கும். கட்டிலும் இல்லை, காரும் இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பாய் என் பக்கம் திரும்பினார். "வெள்ளையா, காலின்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க பாய்."

"அப்ப இது இன்னா?"

"காலியா அனுப்பக் கூடாதுன்னு போட்டது பாய்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "புடி. இதுல அள்ளு" என்றார்.

சீட்டைக் கழற்றி வெளியே போட்டோம். தரை விரிப்பை உதறினோம். தொப்பி போதவில்லை. துறைமுகக் கூலியாட்கள் இரண்டு பேர் துண்டை விரித்தார்கள். "மலையிலிருந்து கார் வரும்னு தெரியும், சோறு வரும்னு தெரியாதே" என்று ஒருவன் கிண்டல் செய்தான். சாமை ஒவ்வொரு சந்திலும் போய் உட்கார்ந்திருந்தது. பெருக்கப் பெருக்க வந்தது. நான் துடைப்பக் குச்சியை முறித்துச் சந்து சந்தாக நோண்டினேன். டாக்டரம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். பையிலிருந்து ஆஸ்பத்திரி இடுக்கியை எடுத்து, சீட்டுக் கம்பிக்கு நடுவில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்தார்கள்.

"யாருப்பா போட்டது?" என்று என்னைக் கேட்டார்கள்.

"எல்லாரும்தாம்மா. ஏனம் குடுத்தீங்களே."

அவர்கள் கையிலிருந்த இடுக்கி கொஞ்சம் நின்று, திரும்பவும் ஓடியது.

கிரேன் பக்கத்துச் சரக்கை எடுக்க வந்துவிட்டது. அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்தார். சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தார். சாம்பல் தட்டும் கிண்ணத்தை இழுத்தார். அதில் நான்கைந்து சாமை இருந்தது. அவர் அதை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மாவையும் அந்த இடுக்கியையும் பார்த்தார். பிறகு வாயால் ஊதிவிட்டு, "சரி, ஏத்து" என்றார்.

கார் வலையில் மேலே போனது. பம்பர் இல்லாமல் பல் போன வாய் மாதிரி இருந்தது. பாதி உயரத்தில் காற்றில் ஒரு பக்கம் சாய்ந்தது. அப்போது அதன் அடியிலிருந்து ஏதோ மெல்லிய நூல் மாதிரி இறங்கியது. அது அதிகாரியின் தொப்பி மேலேயே விழுந்தது. சரசரவென்று சத்தம் வேறு.

அவர் நிமிரப் போனார். பாய் சட்டென்று, "மேல பாக்காதீங்க சார், கண்ணுல வுழுந்துடும்" என்றார்.

அதிகாரி அப்படியே நின்றார். தொப்பியைக் கழற்றித் தட்டினார். மேலே பார்க்காமலே ஷெட்டுக்குள் போய்விட்டார். அவர் ஏன் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியாது. பாயைக் கேட்டதற்கு, "ஆயிரம் வேலை அவருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்து செல்லியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டாள். "அப்ப காலி பண்ணி அனுப்பிட்டு வந்திருக்க" என்றாள். கடைசியில் கொஞ்சம் ஒழுகியது என்று சொன்னேன். "இருந்ததும் வுழுந்துடுச்சி. அது இன்னும் மோசம்" என்றாள். மாரியம்மா கொஞ்ச நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவைப் பற்றி எந்தச் சேதியும் வரவில்லை. மலையில் பெண்கள் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பல வருடம் கழித்து, தீவில் கொத்து வேலை செய்துவிட்டு வந்த செங்கத்துக்காரர் ஒருவர், திரும்பிப் போகும்போது சாமான் அனுப்ப எங்கள் ஆபீசுக்கு வந்தார். பாய் அளந்துகொண்டிருந்தார். நான் முனையைப் பிடித்திருந்தேன். எனக்கு வாய் வந்தது எப்படி என்று தெரியவில்லை. "அங்க கார் ஓட்டற டாக்டரம்மா யாராவது கீறாங்களா?" என்று கேட்டேன்.

"பியட்டு வண்டிதானே? பம்பர் கோணலா மாட்டினு? இன்னா நீ, எம் பையன் பொறந்ததே அந்தம்மா கையிலதான். எந்த நேரம் ஆள் போனாலும் வண்டிய எடுத்துனு வந்துடும். ஆனா அந்த வண்டில ஒரு கோளாறு. பிரேக் போட்டா கதவுக்குள்ள சரசரன்னு சத்தம் வரும். பிரிச்சிப் பாக்கறேன்னு மெக்கானிக் எத்தினியோ தபா கேட்டுட்டான். அந்தம்மா தொடவே வுடாது."

பாய் டேப்பை விட்டுவிட்டார். அது சுருண்டு வந்து என் கையில் அடித்தது. அவர் அளக்கும்போது டேப்பை விட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மறுபடியும் முதலிலிருந்து அளந்தோம்.

"பாய், அந்தச் சாமைக்குக் கூலி?" என்றேன்.

"காரைத்தான் அளந்தோம். உள்ள இருந்தாலும் இல்லன்னாலும் அளவு ஒண்ணுதான். முனைய ஒழுங்கா புடி."

அன்று கடைசிப் பஸ்ஸில் மலைக்குப் போனேன். செல்லி முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். புடைப்பதை நிறுத்தினாள்.

"எந்தக் கதவாம்?" என்றாள்.

அதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, நான் சட்டை கழற்றுவதற்குள் மாரியம்மா வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

ஆடி மாதக் கடைசி ஞாயிறு,
14-8-1988